டிரேக், கேண்டர், ரீவ்... காக்காவுக்கு மட்டும் ஏன் இல்லை?

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர், மதுரை)

வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் பட்டியல் வந்திருக்கிறது. நான் படித்த காலத்தில் இருந்த அதே பட்டியல்தான்: காக் – ஹென் (கோழி), டிரேக் – டக் (வாத்து), கேண்டர் – கூஸ் (பெருவாத்து), பீகாக் – பீஹென் (மயில்). கூடவே குஞ்சுகளின் பெயர்கள்: கோழிக்குச் சிக், வாத்துக்கு டக்லிங், கூஸுக்குக் காஸ்லிங், அன்னத்துக்குச் சிக்னெட், கழுகுக்கு ஈக்லெட், ஆந்தைக்கு ஆவ்லெட். ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள்.

ஒப்பித்து முடித்ததும், "காக்காவுக்கு ஏம்ப்பா இல்ல?" என்று கேட்டாள். மைனாவுக்கு? கொக்குக்கு? தவிட்டுக்குருவிக்கு? வாத்துக்கு மூன்று பெயர் இருக்கிறது, தினமும் எங்கள் மொட்டைமாடிக்கு வருகிற காகத்துக்கு ஒன்றுமே இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் எவையெல்லாம் இன்னும் புழக்கத்தில் உள்ளவை என்பதையும் சொன்னால் நல்லது.

---

செங்கால்_நாரை (பறவை நோக்கர்)

உங்கள் மகளின் கேள்வி அருமையானது. பறவை நோக்குவோர் குறிப்பேட்டில் பெரும்பாலும் ஆண், பெண், இளம்பறவை என்றுதான் எழுதுகிறோம். டிரேக் என்ற சொல் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. கேண்டர், காஸ்லிங், சிக்னெட் எல்லாம் இங்கிலாந்தில் சாதாரணப் பேச்சில் வரும். 'காக்', 'ஹென்' இரண்டையும் கோழிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காக் ஸ்பாரோ என்றால் ஆண் சிட்டுக்குருவி, ஹென் ஸ்பாரோ என்றால் பெண். வேறு பெயர் இல்லாத எந்தப் பறவைக்கும் முன்னால் இவற்றைச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே காக்காவுக்கும் ஒருவகையில் பெயர் உண்டு, ஆனால் கடன் வாங்கிய பெயர்.

---

முட்டைப்பண்ணை (நாமக்கல்)

கண்மாய்க்கரை அண்ணா, நான் லேயர் (முட்டைக்கோழி) பண்ணை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோழிக்கு ஆங்கிலத்தில் மூன்றோடு நிற்காது. முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டைக்குப் புலெட் என்று பெயர். (துப்பாக்கித் தோட்டா இல்லை. முதல் எழுத்தை 'பல்' என்பதில் வரும் ப போலச் சொல்ல வேண்டும்.) ஒரு வயது ஆகாத இளஞ்சேவல் காக்கரெல். கறிக்காகக் காயடித்த சேவல் கேப்பன். எங்கள் தொழிலில் குஞ்சு வாங்குவதென்றால் புலெட் குஞ்சு வாங்குவதுதான். பொரித்த அன்றே ஆண் குஞ்சையும் பெண் குஞ்சையும் பிரித்துவிடுவார்கள். ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கும் முறையை 1920களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். முட்டை இனத்தில் ஆண் குஞ்சு பண்ணைக்கு உதவாது: முட்டை கிடையாது, கறியும் ஏறாது. அதனால் பல நாடுகளில் அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல் இதற்குத் தடை போட்டது. எனக்கு மனதுக்கு ஒப்பாத விஷயம் இது, இருந்தாலும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

18, 20 வாரத்தில் முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டால் அது புலெட் இல்லை, ஹென். தீவனம் மாறும், விளக்குப் போடும் நேரம் மாறும். அந்த ஒரு சொல்லில் எங்கள் கணக்கு முழுவதும் இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். நம் ஊரிலும் புலெட்டுக்குச் சொல் உண்டு. எங்கள் அம்மா வெடக்கோழி என்பார். முதல் முட்டைக்குத் தயாராக இருக்கும் இளம்பெட்டை. குழம்புக்கு வெடக்கோழிதான் வேண்டும் என்று சந்தையில் கேட்டு வாங்குவார்கள். அடைகாக்க உட்கார்ந்துவிட்டால் அடைக்கோழி. கோழி வளர்ப்பவனுக்கு இவ்வளவு பெயரும் தேவை. காக்காவை யார் வளர்த்தார்கள்?

---

தேம்ஸ்_கரை (ரெடிங், இங்கிலாந்து)

முட்டைப்பண்ணை சொன்ன கடைசி வரியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் இருக்கும் இடத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன்.

அன்னத்தில் ஆண் காப், பெண் பென், குஞ்சு சிக்னெட். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மூன்றாம் வாரம் தேம்ஸ் ஆற்றில் 'ஸ்வான் அப்பிங்' நடக்கும். துடுப்புப் படகுகளில் சிவப்பு, நீலம், வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வருவார்கள். ஓர் அன்னக் குடும்பத்தைப் பார்த்ததும் "ஆல் அப்!" என்று கூவிப் படகுகளால் வளைத்துக்கொள்வார்கள். குஞ்சுகளைப் பிடித்து எடை பார்த்து, காயம் இருக்கிறதா என்று சோதித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு பென் படகைச் சுற்றிச் சுற்றி வந்து சீறிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளைத் திருப்பி விட்ட பிறகுதான் அடங்கியது. அதை இன்றும் மறக்கவில்லை.

இப்போது இது கணக்கெடுப்பு. தொடங்கியபோது விருந்துக்கான சொத்துக் கணக்கு. அன்னம் அரச விருந்தில் பரிமாறப்பட்ட பறவை, அதிலும் சிக்னெட் கறிக்குத் தனி மதிப்பு. அடையாளம் இல்லாத அன்னங்கள் அரசருக்கு. சாயத்தொழிலாளர் சங்கத்துக்கும் மது வணிகர் சங்கத்துக்கும் 15ஆம் நூற்றாண்டு முதல் பங்கு உண்டு. சாயக்காரர்கள் அலகில் ஒரு வெட்டு, மது வணிகர்கள் இரண்டு வெட்டு போட்டு அடையாளம் வைப்பார்கள். குஞ்சு யாருடையது என்பது தாய் தந்தை யாருடையவை என்பதைப் பொறுத்தது. ஆகவே காப் எது, பென் எது, சிக்னெட் எத்தனை என்று பெயர் சொல்லிப் பிரிக்காமல் பங்கு போட முடியாது.

காப்பையும் பென்னையும் பார்வையில் பிரிப்பது சிரமம். இரண்டும் வெள்ளை. அலகின் அடியில் இருக்கும் கரிய புடைப்பு ஆணுக்குப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டு பெயர். உருவ வேறுபாட்டால்தான் பெயர் வந்தது என்று சொல்வது இங்கே பொருந்தாது.

---

வரிக்குவரி (மொழிபெயர்ப்பாளர்)

நல்ல இழை. டிரேக் என்ற சொல் டிராகனிலிருந்து வந்தது, ஆண் வாத்தின் பளபளப்பான தலையைப் பார்த்து வைத்தது என்று படித்திருக்கிறேன். சரியா?

---

தேம்ஸ்_கரை

இல்லை. டிராகனைக் குறிக்கும் பழைய டிரேக் லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். ஆண் வாத்தின் டிரேக் ஜெர்மானிய மொழிகளின் சொந்தச் சரக்கு. ஜெர்மனில் வாத்து எண்டே, ஆண் வாத்து எண்டெரிக். அந்த 'ரிக்' ஒலிதான் டிரேக்கின் கடைசியிலும் இருக்கிறது.

வாத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் எனெட் என்று பெயர், எண்டேயின் உறவு. அது வழக்கொழிந்து, முங்குவது என்ற வினையிலிருந்து பிறந்த டக் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம்முடைய முக்குளிப்பான் பெயர் பிறந்த மாதிரியே. கூஸ் இன்னும் பழையது: சமஸ்கிருத ஹம்சமும் அதுவும் ஒரே வேர்.

---

செங்கால்_நாரை

இங்கே இன்னொன்றும் உண்டு. டக், கூஸ் இரண்டிலும் பெண்ணின் பெயரே இனத்தின் பெயர். ஆணுக்குத்தான் தனிப்பெயர் வேண்டியிருந்தது. முட்டையும் இறகும் குஞ்சும் தருவது பெண். பத்துப் பெட்டைக்கு ஒன்றிரண்டு ஆண் போதும். பண்ணையில் நிற்பவை பெரும்பாலும் பெண்களே என்றால், பொதுப்பெயர் அவற்றுக்குப் போவது இயல்பு. மயிலில் தலைகீழ். எல்லோரும் பார்த்தது ஆண் மயிலின் தோகையைத்தான், ஆகவே பீகாக் பொதுப்பெயர் ஆகிவிட்டது. சரியான பொதுப்பெயர் பீஃபௌல், ஆனால் அதைச் சொல்பவர் குறைவு.

தோகை என்றதும் நினைவு வருகிறது. எபிரேய மொழியில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் துக்கி என்ற சொல் தமிழ்த் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார். 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் அது இருக்கிறது.

---

பைரி_பார்வை (அபுதாபி)

பெண்ணின் பெயர் இனத்தின் பெயராக நின்றதற்கு இதைவிட அழுத்தமான சான்று வேட்டைப் பறவைகளில் இருக்கிறது. நான் இங்கே பல வருடங்களாக வல்லூறு வளர்ப்போர் நடுவில் வேலை பார்க்கிறேன்.

பெரிக்ரின் என்னும் பைரியில் பெண்தான் பெரியது. ஆண் அதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிறியது. பெரிய இரையை அடிக்கப் பெண்தான் வேண்டும். ஆகவே பழைய ஆங்கில வேட்டைக்காரர் பேச்சில் ஃபால்கன் என்று மொட்டையாகச் சொன்னால் அது பெண். ஆணின் பெயர் டியர்சல். மூன்றாவது, மூன்றில் ஒன்று என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு சிறியது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். கூட்டில் மூன்றாவது முட்டையில்தான் ஆண் வரும் என்ற பழைய நம்பிக்கையைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது, தினமும் கையில் ஏந்திப் பார்க்கிறேன்.

குஞ்சின் பெயர் ஐயஸ். இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பிரெஞ்சில் நியே என்றால் கூட்டிலிருந்து எடுத்தது. அது ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னால் ஒரு 'எ' சேர்ந்து 'எ நயஸ்' ஆனது. கேட்டவர்கள் அதை 'ஆன் ஐயஸ்' என்று பிரித்துக்கொண்டார்கள். 'ந' முன்சொல்லோடு ஒட்டிப் போய்விட்டது. ஏப்ரன் என்ற சொல்லும் இப்படித்தான் தலையெழுத்தை இழந்தது, முன்பு அது நேப்ரன்.

வயதுக்கு ஏற்ற பெயரும் பிடித்த விதத்துக்கு ஏற்ற பெயரும் வேறு. கூட்டிலிருந்து எடுத்தது ஐயஸ். முதல் ஆண்டு வலசையில் பிடித்த இளசு பேசேஜர். காட்டிலேயே முழு வளர்ச்சி அடைந்த பிறகு பிடித்தது ஹேகர்ட். ஒவ்வொன்றையும் பழக்கும் முறை வேறு. ஐயஸ் மனிதனுக்கு எளிதாக அடங்கும், ஆனால் வேட்டையை நாம்தான் கற்பிக்க வேண்டும். ஹேகர்டுக்கு வேட்டை தெரியும், மனிதனிடம் அடங்காது. விலை பேசும்போது இந்த ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் ஏமாற வேண்டியதுதான்.

ஒவ்வோர் இனத்தின் ஆணுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். மெர்லின் என்ற சிறு வல்லூறின் ஆண் ஜேக். ஸ்பாரோஹாக்கின் ஆண் மஸ்கெட். ஆமாம், மஸ்கெட் துப்பாக்கியின் பெயரேதான். அந்தக் காலத்தில் ஆயுதங்களுக்கு வேட்டைப் பறவைகளின் பெயர்களை வைப்பது வழக்கம். ஃபால்கனெட், சேகர் என்ற பெயர்களில் பீரங்கிகள் இருந்தன.

---

வரிக்குவரி

பைரி_பார்வை ஐயா, நன்றி. இத்தனை வருடம் ஃபால்கன் என்பதை "ஆண் கழுகு" தொனியில் மொழிபெயர்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் விழக்கூடிய குழிகள் வேறும் இருக்குமே? இருந்தால் சொல்லுங்கள்.

---

செங்கால்_நாரை

நிறைய உண்டு. முக்கியமான ஒன்று ஆவ்லெட். கண்மாய்க்கரையின் பட்டியலில் ஆந்தைக் குஞ்சு என்று இருக்கிறது, அது சரிதான். ஆனால் ஸ்பாட்டட் ஆவ்லெட் என்பது குஞ்சு கிடையாது. நம் ஊர் மரப்பொந்துகளில் சாயங்காலம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் புள்ளி ஆந்தையின் முழுப்பெயர் அது. சிறிய ஆந்தை இனம் என்பதால் அப்படி ஒரு பெயர். மத்திய இந்தியக் காடுகளில் இருக்கும் ஃபாரஸ்ட் ஆவ்லெட்டை 1884க்குப் பிறகு யாரும் காணாமல், அழிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார்கள். 1997இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைத் தமிழில் "ஆந்தைக் குஞ்சு கண்டுபிடிப்பு" என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

மூர்ஹென் என்பது தாழைக்கோழி, ஆணும் மூர்ஹென்தான். உட்காக் என்பது ஒரு பறவை இனத்தின் பெயர், ஆண் என்று பொருளல்ல. ஸ்டார்லிங்கில் லிங் இருக்கிறது, ஆனால் அது சூறைக்குருவியின் முழு இனப்பெயர். ஹென் ஹேரியர் பெட்டை அல்ல, கோழி பிடிக்கும் பருந்து என்று பெயர் பெற்ற பூனைப்பருந்து. அதில் ஆண் வெளிர்சாம்பல், பெண் பழுப்பு. இரண்டும் வேறு வேறு இனம் என்று நெடுங்காலம் நம்பிப் பெண்ணை ரிங்டெயில் என்று அழைத்தார்கள். ஒரே இனம் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இன்றும் பெண்ணையும் இளம்பறவையையும் தூரத்தில் பிரிக்க முடியாதபோது ரிங்டெயில் என்று எழுதுகிறோம். மிகவும் உதவியான சொல்.

---

பழந்தமிழ்_வாசகி

முட்டைப்பண்ணை தம்பி வெடக்கோழி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொல்காப்பியத்தில் மரபியல் தொடங்குவதே இந்தப் பெயர்களில்தான். "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை" என்று பறவைக் குஞ்சுக்கு இரண்டு பெயர் தருகிறது. ஆணுக்குச் சேவல் என்பது சிறகுள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும், மயிலைத் தவிர. செங்கால்_நாரை சொன்ன காக், ஹென் வழக்கத்துக்கு அப்படியே இணை. இன்று சேவல் என்றால் கோழியோடு நின்றுவிட்டது, அன்று அன்னச்சேவல் உண்டு. பெண்ணுக்குப் பேடை, பெடை. கோழிக்கும் கூகைக்கும் அளகு. கூகைக்கு எதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள் என்று எனக்கு எப்போதும் வியப்பு. அது வளர்ப்புப் பறவை இல்லையே. ஆகவே வளர்த்தால்தான் பெயர் வரும் என்ற உங்கள் விளக்கம் தமிழுக்கு முழுதாகப் பொருந்தாது.

பிள்ளை என்ற சொல்லைப் பாருங்கள். கிளிப்பிள்ளை என்கிறோம், குஞ்சைச் சொல்கிறோமா? வளர்ந்த கிளியைத்தான் சொல்கிறோம். கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை எல்லாமே அப்படித்தான். இளமைப் பெயர் மெல்ல மெல்ல முழு உயிரின் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இப்படி உண்டா?

---

தேம்ஸ்_கரை

அக்கா, உண்டு, கேட்டால் மகிழ்வீர்கள். பேர்ட் என்ற சொல்லே அப்படித்தான்.

பழைய ஆங்கிலத்தில் பறவைக்குப் பொதுச்சொல் ஃபௌல். பிரிட் என்றால் குஞ்சு, கூட்டில் இருப்பது. பிரிட் ஒலி புரண்டு பேர்ட் ஆகி, குஞ்சிலிருந்து எல்லாப் பறவைக்கும் பரவிவிட்டது. ஃபௌல் சுருங்கிக் கோழி வகையோடு நின்றுவிட்டது. சிக்கனும் முதலில் குஞ்சுதான். இன்று கடையில் முற்றின கோழியும் சிக்கன். பிஜன் என்ற புறாவின் பெயரும் 'கீச்சிடும் குஞ்சு' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தது குஞ்சுதான், ஆகவே குஞ்சின் பெயர் நிலைத்தது.

புறாக்குஞ்சு என்ற பொருளில் பிஜன் தேய்ந்த பிறகு குஞ்சுக்கு மறுபடி ஒரு சொல் தேவைப்பட்டது. அதுதான் ஸ்குவாப். இங்கே பழைய மாளிகைகளில் கல்லால் கட்டிய புறாக்கூடுகள் நூற்றுக்கணக்கான பொந்துகளோடு இன்னும் நிற்கின்றன. பறக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், நான்கு வார வயதில், கொழுத்திருக்கும்போது ஸ்குவாபை எடுத்துவிடுவார்கள்.

பஃபின் கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பெயர் முதலில் உப்பிட்டுப் பதப்படுத்திய, கொழுத்த ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுக்கு. மாங்க்ஸ் ஷியர்வாட்டரின் அறிவியல் பெயர் இன்றுவரை பஃபினஸ் பஃபினஸ். வண்ண அலகுள்ள இன்றைய பஃபினுக்குப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் குஞ்சு பஃப்லிங்.

கூகை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் சமையலறையில் அடைக்க முடியாது. கொக்கு வகையில் கிரேன் எனப்படும் பெரிய நாரைக்கொக்கின் குஞ்சைக் கோல்ட் என்பார்கள், குதிரைக்குட்டியின் பெயர். அந்த நெட்டைக் கால்களைப் பார்த்து அன்பாக வைத்த பெயர் அது.

---

பைரி_பார்வை

ரீவ் என்று தலைப்பில் போட்டுவிட்டு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையே. ரஃப் என்ற பறவையின் பெண் அது. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் உள்ளான் வகை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்தைச் சுற்றி இறகுகள் சிலிர்த்து நிற்கும், பழைய ஐரோப்பியப் பிரபுக்களின் மடிப்புக் கழுத்துப்பட்டி மாதிரி. அந்தக் கழுத்துப்பட்டியின் பெயர்தான் ரஃப். பெண் ரீவ். இதுவும் விருந்துப் பறவைதான். லிங்கன்ஷயர் சதுப்பில் வலைவீசிப் பிடித்து, பாலும் ரொட்டியும் ஊட்டிக் கொழுக்க வைத்து விற்றார்கள்.

இரண்டு பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாத ஒன்று 2006இல் வெளிவந்தது. ஆண்களில் ஒரு சிறு பகுதி வாழ்நாள் முழுக்கப் பெண் உருவிலேயே இருக்கும். கழுத்து இறகு வளராது. மற்ற ஆண்கள் சண்டைக்கு வராமல், ஆண்கள் கூடிப் பெண்ணைக் கவர ஆடும் ஆட்டக்களத்துக்குள் போய்ப் பெண்ணோடு சேரும். ஆய்வாளர்கள் அதற்கு ஃபேடர் என்று பெயரிட்டார்கள், பழைய ஆங்கிலத்தில் தந்தை என்று பொருள். ரஃப் என்பதா ரீவ் என்பதா என்று திகைக்க வைத்த பறவைக்கு 21ஆம் நூற்றாண்டில் மூன்றாவது பெயர் கிடைத்தது.

---

செங்கால்_நாரை

ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல மறந்தோம். ஹேட்ச்லிங், நெஸ்ட்லிங், ஃபிளெட்ஜ்லிங் மூன்றும் எந்த இனத்துக்கும் பொருந்தும் பருவப் பெயர்கள்: பொரித்தது, கூட்டில் இருப்பது, இறகு முளைத்துப் பறக்கப் பழகுவது. இந்த வேறுபாடு தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். கோடையில் "குஞ்சு கீழே விழுந்துவிட்டது" என்று எனக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். படம் அனுப்பச் சொல்வேன். உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தத்தித் தத்திப் போகிறது என்றால் ஃபிளெட்ஜ்லிங். அது விழவில்லை, பழகுகிறது. தாய் பக்கத்து மரத்தில் இருக்கும். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாலும் சோறும் ஊட்டிக் கொன்றவர்கள் பலர், எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். இறகில்லாத நெஸ்ட்லிங் என்றால் கூட்டைத் தேடி அதில் வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய்.

கண்மாய்க்கரை, மகளின் பட்டியலில் இந்த மூன்றும் இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். காக்காவுக்கும் இவை பொருந்தும்.

---

கண்மாய்க்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இழையையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஐயஸ் கதையை மூன்று முறை கேட்டாள். காக்காவை யாரும் தின்னவில்லை, வளர்க்கவில்லை, வேட்டைக்குப் பழக்கவில்லை, அதனால் பெயர் இல்லை என்றேன். "அப்போ காக்கா தப்பிச்சுருச்சு" என்றாள்.

இன்று காலை கண்மாய்க்குப் போனோம். புள்ளிமூக்கு வாத்து ஒரு ஜோடி, பின்னால் ஏழு குஞ்சுகள். குறிப்பேட்டில் "டக்லிங் 7" என்று எழுதினாள். டிரேக் எது, டக் எது என்று பிரிக்க எங்கள் இருவராலும் முடியவில்லை. இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கின்றன. அந்த இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருக்கிறாள்.

---

செங்கால்_நாரை

அந்த இனத்தில் கண்ணால் பிரிப்பது கடினம். காதால் முயன்று பாருங்கள். உரக்கக் குவாக் குவாக் என்பது பெண். ஆணின் குரல் கரகரவென்று அடங்கி வரும். காற்று இல்லாத விடியற்காலையில் நன்றாகக் கேட்கும்.

---

கண்மாய்க்கரை

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறாள். போய் வந்து எழுதுகிறேன்.